ஒற்றைக் கைக் கோட்டு

ராச்டேல்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள எட்னா அக்காவுக்கு, தம்பி வில்ஃப்ரெட் எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே நானும் நார்மாவும் நலம். அங்கே நீயும் ஹாரல்ட் அத்தானும் நாயும் அப்படியே இருக்க வேண்டும்.

உங்கள் கல்யாணப் பொன்விழாவுக்கு என் மகள் லினெட்டை அழைக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். கோபம் நியாயம்தான். பதினாறு வயதில் தலைமுடியைப் பச்சையாக்கி, என் கல்யாணக் கோட்டைக் கத்தரித்து ஊக்குகளால் கோத்து மாட்டி, கழுத்தில் நாய்ச்சங்கிலியோடு உன் பேரனின் ஞானஸ்நானத்துக்கு வந்தவள். சங்கிலி உங்கள் பழைய நாயுடையது என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பெண் யாரிடமும் தொழில் படிக்காமல், பழைய கோட்டுகளை வாங்கித் தையல் தையலாகப் பிரித்து, மறுபடி தைத்து, மறுபடி பிரித்து, பாட்டுக் கோஷ்டிப் பையன்களுக்குக் கால்சட்டை தைத்து, இப்போது லண்டனில் வக்கீல்களுக்கு அளவெடுத்துக் கோட்டு தைக்கிறாள். கிழித்த கோட்டுக்கு ஈடாக எனக்கும் ஒன்று என்று போன மாதம் ஒரு சனிக்கிழமை கொண்டுவந்து, கதவில் மாட்டிவிட்டு மீன் வறுவல் வாங்கப் போனாள்.

உறையைத் திறந்தேன், மூச்சே நின்றுவிட்டது அக்கா. ஒரு கைதான் இருந்தது. கழுத்துப்பட்டை இல்லை. மேலெல்லாம் வெள்ளை நூல், சாக்பீஸ் கோடு. "பழைய குருடி கதவைத் திறடி! இதையாங்க வக்கீலெல்லாம் போட்டுக்கிறாங்க?" என்றாள் நார்மா. ஆனால் அன்று மாலை எங்கள் பந்துருட்டும் சங்கத்தில் விருந்து. மகள் ஆசையாகத் தைத்ததை விட்டுப் பழையதைப் போட்டுப் போனால் அவள் மனம் என்ன பாடுபடும்? அதையே மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

"என்னய்யா, நாய் கடிச்சிருச்சா?" என்றான் சங்க வாசலில் நின்ற என் கூட்டாளி கிளிஃபர்ட்.

"லண்டன் நாகரிகம்டா. உனக்கெங்க தெரியப் போகுது!"

சங்கத் தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கை என்னிடம் திரும்பி வந்தது, கோட்டின் கை அவரிடமே நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து, வீட்டில் கோட்டைக் காணாத லினெட் மீன் பொட்டலத்தோடு சங்கத்துக்கே ஓடிவந்தாள்.

"அப்பா! அது அளவு பாக்க சும்மா நூல் ஓட்டி வச்சதுப்பா! இன்னும் தைக்கவே இல்ல!"

"அப்ப இன்னொரு கை வருமா?"

"வரும்ப்பா. இதைப் போயி ஏம்ப்பா போட்டுட்டு வந்தீங்க?"

"நீ தச்சதாச்சேம்மா."

அவள் அழுதாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது, நானும் அழுதேன். தலைவர் அந்தக் கோட்டுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆகவே அக்கா, ஊக்கும் கிழிசலும் சங்கிலியும் நம் குடும்பத்தை விட்டு ஒழிந்தன. நீ பயமில்லாமல் அவளை அழைக்கலாம். அவள் இல்லாத விருந்துக்கு நானும் வரமாட்டேன். கர்த்தர் உங்கள் இருவருக்கும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ள இன்னொரு ஐம்பது வருஷம் தெம்பு தரட்டும்.

அன்புத் தம்பி,
வில்ஃப்ரெட்

பின்குறிப்பு: தைத்து முடிந்த கோட்டு வந்துவிட்டது. இரண்டு கையும் இருக்கிறது, கச்சிதம். ஆனால் தொலைபேசியில் இந்தக் கதையைக் கேட்ட ஹாரல்ட் அத்தான், உனக்குத் தெரியாமல் லினெட்டிடம் அளவு கொடுத்துவிட்டார். பொன்விழாவில் மாப்பிள்ளைக்கு வேண்டியது வெள்ளை நூலும் ஊக்கும் வைத்த ஒற்றைக் கைக் கோட்டுதானாம். சங்கிலியை மட்டும் வீட்டு நாயிடமே வாங்கிக்கொள்கிறாராம்.