வக்கீல் வலித்த சம்பான்

எட்டு மணிக்குக் கேரி தீவுத் துறைக்கு வரவேண்டிய படகு ஒன்பதாகியும் வரவில்லை.

"ஜப்பான்காரன் எடுத்துக்கிட்டானாம்" என்றாள் நல்லம்மாள்.

வக்கீல் ஜபருல்லா மறுபடியும் மணி பார்த்தார். போன வாரம் துறையில் ஒரு சம்பான், சின்னத் துடுப்புப் படகு, காணாமல் போனது. அந்தப் பக்கம் நடந்து போன பாவத்துக்கு நல்லம்மாளின் புருஷன் கன்னையா அக்கரை போலீஸ் நிலையத்தில் அடைபட்டிருந்தான். ஜபருல்லா நேற்றே மனு அனுப்பியிருந்தார்; ஆனாலும் பத்து மணிக்குள் நேரில் போய்ப் பேசாவிட்டால், போனவர் திரும்பாத சயாம் ரயில் வேலைக்கு லோரியில் ஏற்றிவிடுவார்கள்.

ஜபருல்லா அங்கே யாரோ கட்டிப்போட்டிருந்த சம்பானில் குதித்தார்.

"ஐயாவுக்கு வலிக்கத் தெரியுமா?"

"லண்டன்ல மூணு வருஷம் நான்தாம்மா சாம்பியன்!"

அக்கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"போற பக்கம் பாக்காம எப்படிங்கய்யா?"

"போட்டியில அப்படித்தான். வழி சொல்லத் தனியா ஒரு ஆள் இருப்பான்."

"இன்னிக்கு அவரு?"

"நீதான்."

நான்கே வலிப்பு. சம்பான் அம்பாகப் பறந்து, கண்டல் வேருக்குள் போய்ச் செருகிக்கொண்டது.

"சொல்லக் கூடாதா?"

"நீங்க வலிக்கிற அழகுல மறந்துட்டேன்லா."

அடுத்து அவள் ஒழுங்காக வழி சொன்னாள். "சோத்துக்கைப் பக்கம்!" எதிரெதிரே உட்கார்ந்திருந்ததால் அவளுடைய சோற்றுக்கைப் பக்கம் அவருக்கு இடப்பக்கம். சம்பான் இன்னொரு கண்டல் கூட்டத்துக்குள் நுழைந்தது.

கடைசியில் ஊர்க்காரர்களைப் போல எழுந்து நின்று, முன்பக்கம் பார்த்து வலித்தார். சம்பான் ஒரு சுற்று சுற்றியது. சாம்பியன், கறுப்புக் கோட்டோடு தண்ணீரில் விழுந்தார்.

அவரை இழுத்துப் போட்டுவிட்டு நல்லம்மாள் துடுப்புகளை வாங்கினாள். பத்தே நிமிடத்தில் அக்கரை.

"உனக்கு வலிக்கத் தெரியுமா?"

"தீவுலயே பொறந்தவ நான். சாம்பியன்னீங்க, குறுக்கப் பேசலாமான்னு இருந்துட்டேன்."

மணி பத்தரை. நிலைய வாசலில் லோரி இல்லை. நல்லம்மாள் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

கான்ஸ்டபிள் சின்னையா சிரித்துக்கொண்டே வந்தார். "அழாத தங்கச்சி. கன்னையாவ விட்டாச்சு. பின்னால சாயா குடிக்கிறான்."

"என் மனுவைப் படிச்சாங்களா?" என்று ஜபருல்லா துள்ளினார்.

"மனுவா? தீவுலேருந்து போன் வந்துச்சுங்கய்யா. காலையில இன்னொரு சம்பானும் காணோமாம். உள்ள கிடக்கிறவன் எப்படி எடுப்பான்னு ஸ்டேஷன் பெரியவரே விடச் சொல்லிட்டாரு."

சின்னையாவின் கண் கரையில் கிடந்த சம்பானுக்குப் போய், ஈரக் கோட்டுக்குத் திரும்பியது.

"அது சரி, உங்களுக்கு யாருங்கய்யா வக்கீல்?"