சிவப்பு நட்சத்திரத்தை எடுத்த அப்பா எழுதுவது

செங்கம் ரோடு,
திருவண்ணாமலை.

அன்பு மகள் சிந்துஜாவுக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். அடுப்பு நலம். கம்ப்யூட்டரும் நலம்தான், அதைத் தொட்ட ஆள்தான் சரியில்லை. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்துவாய், மீதியை நான் மறைத்துவிடுவேன். கடிதத்தில் அந்த வசதி இரண்டு பேருக்கும் கிடையாது.

நீ ஓசூருக்குப் பயிற்சிக்குப் போகும்போது நம் சாப்பாட்டு ஆர்டர் படிவத்தை என்னை நம்பி விட்டுப் போனாய். "வர்ற ஆர்டரப் பாத்து அம்மாகிட்ட சொன்னா போதும்பா, வேற எதையும் தொடாத" என்றாய். தொட்டுவிட்டேன். போன மாதம் மிக்ஸி ஜாருக்கு ரப்பர் வாங்க ஒரு கடையின் படிவத்தை நிரப்பினேன் அல்லவா, பின்கோடை விட்டுவிட்டேன் என்று கட்டம் சிவந்து, எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து வா என்றது. எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. முப்பத்திரண்டு வருடம் ஆபீசில் உட்கார்ந்து, தகப்பனார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று எத்தனை மனுக்களைத் திருப்பியிருப்பேன்! அந்தப் பாவத்தைக் கழுவ நினைத்து, நம் படிவத்தில் வீட்டு எண், தெரு, போன் நம்பர் பக்கத்தில் இருந்த சிவப்பு நட்சத்திரங்களை எடுத்துவிட்டு, "கட்டாயமில்லை, விருப்பப்பட்டால் எழுதவும்" என்று போட்டேன். மரியாதையாக இருக்கட்டும் என்றுதான்.

மூன்றாம் நாளே ஓர் ஆர்டராகப் பலன் கிடைத்தது. பௌர்ணமியன்று பகல் பன்னிரண்டுக்கு வளைகாப்பு, நாற்பது பேருக்கு ஐந்து வகைக் கலவை சாதம். பெயர் ஆராயி. நம்பர் இல்லை, தெரு இல்லை, அடையாளம் என்ற கட்டத்தில் மட்டும் "மலைக்கு எதிரே". இந்த ஊரில் மலைக்கு எதிரே இல்லாத வீடு எது, நீயே சொல். "நம்பர் இல்லாம எப்டிங்க ஆக்கறது?" என்றாள் அம்மா. "நம்பி எழுதியிருக்காங்க, தேடிக் குடுக்கறது நம்ம கடமை" என்று வசனம் பேசினேன். அவளும் ஆக்கிவிட்டாள்.

அப்ரோஸ் ஆட்டோவில் அண்டாக்களை ஏற்றிக் கிளம்பினோம். "சார், மலைக்கு எதிர்லன்னா எந்தப் பக்கம் சார்?" என்றான். "சுத்துப்பா, ஏதோ ஒரு பக்கம் வரும்" என்றேன். வாழைமரம் கட்டிய வீட்டிலெல்லாம் இறங்கிக் கேட்டேன். ஒன்று காதுகுத்து. இன்னொன்று புதுமனை புகுவிழா, அங்கே என்னைச் சொந்தக்காரன் என்று நினைத்து இலை போட்டுவிட்டார்கள், மறுக்கத் தெரியாமல் வடை வரைக்கும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அடி அண்ணாமலையில் வழி கேட்க வண்டியை நிறுத்தினோம். பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் அண்டாவோடு வண்டி நின்றால் என்ன ஆகும் என்று இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிய வேண்டாமா? பெட்டிக்கடையில் விசாரித்துவிட்டுத் திரும்புவதற்குள் ஆட்டோவுக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. "இது ஆர்டருங்க, அன்னதானம் இல்லீங்க" என்று கத்தினேன். "இருக்கட்டும் சாமி, கொஞ்சமா வைங்க" என்றார் முதலில் நின்றவர். அவர் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். நானேதான் கரண்டியை எடுத்தேன், சிந்து. கடைசி அண்டாவில் இருந்த புளிசாதமும் தீர்ந்தபோது ஒருவர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"சாப்பாடு எங்கங்க? ஏழு மாசப் புள்ளத்தாச்சிங்க, பசி தாங்கமாட்டா" என்றார் ஆராயி. வீடு எங்கே என்றால், நமக்கு அடுத்த தெரு. "நம்பரு ஏம்மா போடல?" என்றேன். "கட்டாயமில்லைனு நீங்கதான போட்டிருந்தீங்க, அதான் உட்டுட்டேன்."

காலி அண்டாவோடு வந்து நின்ற என்னைப் பார்த்ததும் அம்மா மறுபடி உலை வைத்தாள். எலுமிச்சை சாதமும் தயிர்சாதமும் இரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தப் பெண் வளையல் அடுக்கிய கையால் முதல் வாய் சாப்பிடும்வரை வாசலிலேயே நின்றிருந்தேன். ரொம்ப வெட்கமாக இருந்தது.

அன்று சாயந்திரமே நட்சத்திரங்களைத் திரும்பப் போட்டேன். போட ஆரம்பித்த கை நிற்கவில்லை. தகப்பனார் பெயர், கணவர் தொழில், சொந்த ஊர், ஆர்டர் செய்வதற்கான காரணம் என்று இருபத்து மூன்று கட்டம், எல்லாமே கட்டாயம். ஒன்பது நாளாக ஓர் ஆர்டர்கூட வரவில்லை. நீ வேறு ஆள் வைக்கப் போவதாக அம்மா சொன்னாள். வேண்டாம்மா. ரிட்டயரான பிறகு காலையில் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார எனக்கு இருப்பது இந்த ஒரு நாற்காலிதான். ஆபீஸ் புத்தியை இன்றோடு விட்டுவிட்டேன். நாளைக் காலையில் போன், தெரு, வீட்டு எண் தவிர மற்ற நட்சத்திரங்களை எடுத்துவிடுகிறேன். சத்தியம்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ எடுத்த காரியம் நல்லபடியாக நடக்கும், நான் குறுக்கே வராமல் இருந்தால்.

இப்படிக்கு,
உன் அப்பா
தசரதன்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் ஓர் ஆர்டர் வந்தது! இருபத்து மூன்று கட்டமும் நிரம்பியிருந்தது. ஒருவருக்கு மட்டும் சாம்பார் சாதம். பெயர், தகப்பனார் பெயர் எல்லாம் சரி. யார் என்று படிக்கவில்லை, எழுதியிருக்கிறதா என்றுதான் பார்த்தேன். ஆனால் கணவர் தொழில் என்ற கட்டத்தில் "ஒன்றுமில்லை" என்றும், காரணம் என்ற கட்டத்தில் "மூன்று தடவை கூப்பிட்டும் வரவில்லை" என்றும் இருந்தது. இரண்டும் தெளிவாக இல்லை என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினேன். அடுத்த நிமிஷம் சமையலறையிலிருந்து, "அது நான்தாங்க!" என்று அம்மா குரல். நீ வேறு ஆளையே பார்த்துக்கொள்ளம்மா. நான் சாப்பிடப் போகிறேன்.