குடலாரின் வயிற்றெரிச்சல்

கூதிர்காலம் தன் முதுமையை எய்தியிருந்தது. பொழிந்து ஓய்ந்த வானம், சொல்லத்தகாததைச் சொல்லித் தீர்த்தவன் முகம்போல வெளிறிக் கிடந்தது. ஞாயிறோ முகிலை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு உச்சிப்பொழுதிலும் தலைகாட்டத் தயங்கியது. நனைந்த மரங்கள் இலைகளைத் தாழ்த்தி நின்றன. நிமிர்ந்து நிற்க எதற்குமே மனமில்லாத பருவம் அது.

அப்பருவத்துக்கு முற்றும் பொருத்தமாக, போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு படுத்திருந்தார் குடலார்.

கல்லீரல், செரிமான நோய்களை ஆராயும் நிலையத்தில் குடல் பகுதியைப் பல்லாண்டு காலம் ஆண்டவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். கல்லீரலைக் கவனித்தவர் ஈரலார். கேட்டால் பழம்புலவர் இருவரின் பெயர்கள் போலத் தோன்றும்; உண்மையில் ஒரே வீட்டில் பெண்ணெடுத்த சகலைகள். குடலார் மூத்த மாப்பிள்ளை, ஈரலார் இளையவர். இயக்குநர் இப்போது இரு பகுதிகளையும் ஒன்றாக்கி, அதன் தலைவராக இளையவரை அமர்த்திவிட்டார். அன்று பாராட்டு விழா. வாழ்த்துரை வழங்க வேண்டியவர் குடலார்.

"உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு," என்றார் போர்வைக்குள்ளிருந்து.

"உடம்புக்கு என்னன்னு கேப்பாங்களே?" என்றாள் மனைவி, கைப்பேசியை எடுத்தபடி.

"ஏதோ ஒண்ணு. வயிறு எரியுதுன்னு சொல்லேன்."

மனைவி சூதுவாது அறியாதவள். மறுமுனையில் எடுத்தவர் இயக்குநரின் உதவியாளர். அரங்கமே குடலாரை எதிர்பார்த்திருந்ததால், செய்தியை எல்லாரும் கேட்கட்டும் என்று அந்த நல்ல மனிதர் கைப்பேசியை ஒலிவாங்கியின் முன் பிடித்தார்.

"அவரால வர முடியாதுங்க. ஒரே வயித்தெரிச்சல். எங்க தங்கச்சி வீட்டுக்காரருக்குத் தலைவர் பதவின்னு சேதி வந்த அன்னிக்கே ஆரம்பிச்சுது பாருங்க, அன்னிலேருந்து சோறே இறங்கலை!"

அரங்கத்தில் வெடித்த சிரிப்பு, கைப்பேசி வழியே வந்து போர்வைக்குள்ளும் புகுந்தது.

குடலார் துள்ளி எழுந்தார். "அடிப்பாவி, என்ன சொன்னே?"

"நீங்க சொன்னதைத்தான்."

"நான் வயிறு எரியுதுன்னுதானே சொல்லச் சொன்னேன்!"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

இரண்டும் ஒன்றாக இருந்ததே அவருடைய துயரம். இரைப்பையில் அமிலம் மிகுந்தாலும் வயிற்றெரிச்சல். அடுத்தவன் உயர்வு பொறுக்காவிட்டாலும் வயிற்றெரிச்சல். எத்தனையோ நுண்பொருளுக்குத் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் மொழி, இந்த ஓரிடத்தில் மட்டும் சிக்கனம் பார்த்துத் தம்மைக் கவிழ்த்துவிட்டதே என்று மனம் புழுங்கினார். தமக்கு வந்தது முதல் வகைதான் என்று நிறுவினாலன்றி இனி வெளியே தலைகாட்ட முடியாது.

மறுநாள் நிலையத்துக்குள் நுழையும்போதே வாயிற்காவலர் எழுந்து வணங்கினார். "இப்ப எரிச்சல் தேவலையா சார்?"

அந்தப் பணிவில் கேலி இருந்ததா இல்லையா என்று குடலாரால் கண்டுபிடிக்க முடியவில்லை. நேரே ஈரலாரின் புதிய அறைக்குப் போனார்.

"வாங்கண்ணே, வாங்க," என்று நாற்காலியை விட்டு எழுந்தார் ஈரலார். "சிரிச்சவங்களை விடுங்க. நெசமாவே உங்களுக்கு முடியலையா?"

"நெசமாத்தான் தம்பி. அமிலம். சுத்தமான அமிலம்."

"அப்படின்னா ரொம்ப நல்லதாப் போச்சு!"

"என்னது?"

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. என்னோட புது ஆய்வே வயித்தெரிச்சலைப் பத்தித்தானே? ஆள் கிடைக்காம அலையறேன். உங்களையே சேத்துக்கறேன்."

மறுத்தால் பொய் பல்லிளிக்கும். "சேத்துக்கோ," என்றார் குடலார், தூக்குக்கயிற்றைத் தாமே கழுத்தில் மாட்டிக்கொள்பவரைப் போல.

கேள்வி கேட்க வந்தவள் அவரிடமே பாடம் பயின்ற மாணவி.

"எப்பல்லாம் எரியுது சார்?"

உண்மைபோல ஒலிக்க வேண்டுமே என்ற கவலையில் குடலார் அளவு மீறினார். "வெறும் வயித்துல எரியும். சாப்பிட்டா இன்னும் எரியும். குனிஞ்சா நெஞ்சுக்கு ஏறும். படுத்தா தொண்டைக்கு வரும். முதுகுல ஊசி குத்தும்."

மாணவி கண்களை அகல விரித்தாள். "சார், நீங்க வகுப்புல நடத்தின எல்லா நோயும் உங்க ஒரே வயித்துல இருக்கே! சரி, எதைப் பாத்தா அதிகமாகுது?"

எதிரே ஈரலாரின் கதவில் புதுப் பெயர்ப்பலகை பளபளத்தது. "அந்தப் பலகையைப் பாத்தாதான்..."

"பலகையா?"

"பலகாரம்மா, பலகாரம்! எண்ணெய்ப் பலகாரம்!"

"கதவைக் காட்டினீங்களே சார்?"

"கதவைத் தாண்டி... பொதுவா, வெளியில விக்கிறாங்களே, அது."

அவள் பதறிக்கொண்டு ஈரலாரிடம் ஓடினாள். ஈரலார் வெளிறிய முகத்தோடு வந்தார். "அண்ணே, இவ்வளவையும் மறைச்சா வெச்சிருந்தீங்க? நாளைக்குக் காலையில குழாய் விட்டு உள்ள பாத்துடுவோம்."

"குழாயெல்லாம் எதுக்குத் தம்பி? ரெண்டு மாத்திரையில..."

"சும்மா விட மாட்டேன். நானே பாக்கறேன். தூக்க ஊசி போட்டுடலாம், ஒண்ணுமே தெரியாது."

பிறர் வாயில் எத்தனையோ முறை குழாய் செலுத்திய கை குடலாருடையது. அந்த ஊசியின் இயல்பும் அவருக்குத் தெரியும். மயக்கம் தெளியும் அரைத்தூக்கத்தில் மனத்தின் தாழ்ப்பாள் கழன்றுவிடும். மறைத்ததெல்லாம் வாய்வழியே வரும். அந்த ஊசியை எண்ணித்தான் அவர் நடுங்கினார்.

மறுநாள் மனைவிக்கு விடுமுறை கிடைக்கவில்லை. துணைக்கு வந்தவர் மாமியார்.

"ஊசி வேணாம்மா, அப்படியே முழுங்கிடறேன்," என்று தாதியிடம் கெஞ்சினார்.

"தலைவரோட உத்தரவு சார்," என்றாள் அவள். ஊசி இறங்கிவிட்டது. 'வாயைத் திறக்கக் கூடாது, திறக்கவே கூடாது' என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டே உறக்கத்துக்குள் வழுக்கி விழுந்தார்.

கண் விழித்தபோது கட்டிலருகே மாமியார் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"முழிச்சிட்டீங்களா மாப்பிள்ளை?"

"நான்... ஏதாச்சும் பேசினேனா அத்தை?"

"பேசினீங்களாவா? மூச்சு விடாமப் பேசினீங்க."

"என்ன பேசினேன்?"

"அந்த நாற்காலி எனக்குத்தான் வரணும்னீங்க. ஈரலை விட்டா அவனுக்கு என்ன தெரியும்னீங்க. அந்தப் பலகையைக் கழட்டி அடுப்புல வெக்கறேன்னீங்க. அப்புறம் கொழந்தை மாதிரி அழுதீங்க."

குடலார் அறையைச் சுற்றிப் பார்த்தார். "பக்கத்துல யார் இருந்தாங்க?"

"யாருமில்லை. நானும் சின்ன மாப்பிள்ளையும்தான்."

சுவர் விலகி வழிவிட்டால் அதற்குள் போய் நின்றுகொள்ளலாம் என்றிருந்தது. "அவர்... என்ன சொன்னார்?"

"உங்க வாயைத் துடைச்சு விட்டார். வயித்துல ஒரு கீறல்கூட இல்லை, அண்ணனைப் பாத்துக் கூட்டிட்டுப் போங்கன்னார். போயிட்டார்."

ஈரலார் திட்டியிருந்தால் குடலார் பிழைத்திருப்பார். துடைத்துவிட்ட அந்தக் கை, மூடிவைத்த அத்தனையையும் வெளிச்சத்தில் கொட்டிவிட்டது. நெஞ்சுக்குள் கிடந்தது நோயன்று, சிறுமை என்பது இரைப்பைக்குள் ஒளிபாய்ச்சிப் பார்த்தபின் ஐயத்துக்கிடமின்றித் தெளிவாயிற்று. இத்தனை காலம் அண்ணே, அண்ணே என்று பின்னால் வந்தவன் முகத்தை இனி எப்படி ஏறிட்டுப் பார்ப்பது?

அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். கட்டிலிலிருந்தபடியே கண்களை மூடிக் கைகளைக் கூப்பினார். தம் மானத்தைக் காக்கும்படி கேட்கவில்லை. 'அவனை நன்றாக வை. என்னுடையதென்று நான் எண்ணிய எல்லாவற்றோடும் அவனை நன்றாக வை' என்று மட்டும் உதடசையாமல் வேண்டினார். மூடிய இமையோரம் ஈரம் கசிந்தது.

அதைக் கண்ட மாமியார் எழுந்து வந்து மருமகன் தலையில் கை வைத்தார்.

"போன வாரம் சின்ன மாப்பிள்ளை, தன் ஆய்வுக்குத் தானே முதல் ஆள்னு சொல்லி இதே கட்டில்ல படுத்தார்; அன்னிக்கும் நான்தான் துணை. ஊசி மயக்கம் தெளியறப்ப, 'பலகை என் பேர்ல இருந்து என்ன, எல்லாரும் எழுந்து நிக்கறது அண்ணனைப் பாத்துத்தானே'ன்னு விக்கி விக்கி அழுதார். அவர் வயித்துலயும் ஒரு கீறல் இல்லையாம். ரெண்டு பேர் வயிறும் குளிரட்டும், நல்லா இருங்க!"