என் நாற்காலியில் என் சிலை

அன்று நகர மன்றக் கூடத்தில், பின்வரிசையிலிருந்து, "பாவம், நல்லா எழுதுவாரு, போய்ச் சேந்துட்டாரே" என்று சொன்னது நீங்கள்தான். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. குரலை மட்டும் நன்றாக அறிவேன். அந்த ஒரு பேச்சால் என் நாற்காலி போனது, என் ஜன்னல் போனது. விதிப்படி பார்த்தால் நானும் போய்விட்டேன்.

பரானா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் சான் எபிபானியோ ஊரில் செவெரினோவின் காபிக்கடையை இடித்துவிட்டு மருந்துக்கடை கட்டத் திட்டம் போட்டார்கள். சதுக்கத்தைச் சுற்றி ஏற்கெனவே மருந்துக்கடைகள்தான். உடம்புக்கு வராதவன்கூட அங்கே நின்றால் இருமுவான். கடையைக் காப்பாற்ற ஒரே வழி, அதைப் 'பாரம்பரியச் சிறப்புமிக்க காபியகம்' என்று அறிவிக்கச் செய்வது. ஆற்றோர ஊர்களில் இப்போது இதுதான் மோஸ்தர். விதி எளிமையானது. அந்தக் கடையில் ஓர் எழுத்தாளர் வழக்கமாக உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். அவர் காலமாகியிருக்க வேண்டும்.

முதல் நிபந்தனையை நான் பல வருஷமாகக் காபிக்குக் காசு கொடுத்து நிறைவேற்றி வந்தேன். ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, தெருவைப் பார்த்துக்கொண்டே, புத்தகம், ஊர் நடப்பு, அன்றாடப் பிழைப்பு என்று வாரம் ஒரு கட்டுரை எழுதுவேன். பாஸ்குவால் நடத்தும் உள்ளூர்ப் பத்திரிகையில் அது வரும். நான் கல்லூரி வாசலை மிதித்தவனல்ல. ரயில் பெட்டிகளில் பழைய புத்தகம் கூவி விற்றவன். விலைபோகாததைப் படித்தேன், படித்த கோபத்தில் எழுத ஆரம்பித்தேன். எனக்குத் தெரு தெரிய வேண்டும். தெரு தெரியாவிட்டால் ஒரு வரி ஓடாது. கட்டுரை ஓடாவிட்டால் அடுப்பு எரியாது.

காபிக்கடை பற்றிய அந்தப் பொதுக்கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். வாசலில் இறைச்சிப் பணியாரம் விற்றவளோடு விலை பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் குரல் கேட்டது. யாரோ ஓர் எழுத்தாளன் செத்துவிட்டான் போல என்று நினைத்தேன். எல்லோரும் எழுந்தார்கள். பணியாரத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நானும் தலைகுனிந்து நின்றேன்.

சில வாரம் கழித்து ஒருநாள் காலை கடைக்குப் போனால், என் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். பிசினில் வார்த்து வண்ணம் பூசிய நான். எனக்கில்லாத முடி, எனக்கில்லாத புன்னகை, கையில் பேனா. சுற்றிலும் சிவப்புக் கயிறு.

"என்னடா இது, செவெரினோ?"

"உங்க சிலைதான், தோன் எர்மினியோ. எப்படி இருக்கு? தொப்பையைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னது நான்தான்."

"நான் எங்கடா உக்கார்றது?"

"கழிப்பறைப் பக்கம் ஒரு மேசை இருக்கு. ஆனா சத்தம் போடாதீங்க. ஜனங்க உங்களுக்கு அஞ்சலி செலுத்திக்கிட்டு இருக்காங்க."

"நான் சாகலைடா, தடியா!"

"எனக்குத் தெரியாதாண்ணே? தினம் நாலு காபி குடிச்சீங்களே. ஆனா ஊரே ஒத்துக்கிட்ட விஷயத்துல நான் ஒருத்தன் மட்டும் எப்படி மறுத்துப் பேசறது?"

கழிப்பறைப் பக்கத்து மேசையிலிருந்து சுவரும் வாளியும்தான் தெரிந்தன. வாளியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். பாஸ்குவால் அதைத் திருப்பித் தந்தான். "தோன் எர்மினியோ, தப்பா நினைக்காதீங்க. உங்க பழைய கட்டுரைகளைத் திரும்பப் போட்டுக்கிட்டு இருக்கோம். கடிதமா வந்து குவியுது. நீங்க போனப்புறம் உங்க நடை ரொம்பத் தேறிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க." பழைய கட்டுரைக்குக் கூலி கிடையாதாம்.

நேரே நகர மன்றத்தின் பாரம்பரியப் பிரிவுக்குப் போனேன். அங்கே பெரிய அதிகாரி ஒதீலியா அம்மையார்.

"அம்மா, நான் உயிரோட இருக்கேன்."

அவர் என்னை மேலும் கீழும் கனிவாகப் பார்த்தார். "தனிப்பட்ட முறையில நான் நம்பறேன். ஆனா தாங்கள் காலமானது ஏகமனதா ஏத்துக்கிட்ட விஷயம். மௌன அஞ்சலியும் செஞ்சாச்சு. தாங்களே எழுந்து நின்னீங்க. நான் பார்த்தேன்."

"யாருக்குன்னு தெரியாம நின்னேம்மா!"

"எல்லாரும் அப்படித்தான் நிக்கிறாங்க. அதுக்காக அஞ்சலி செல்லாதுன்னு சொல்லிட முடியுமா?"

"சரி. இப்ப ஆட்சேபிக்கிறேன்."

"காலமானவர் ஆட்சேபிக்க விதியில இடமில்ல. முதல்ல யார் சொன்னாங்களோ அவங்களே வந்து வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கணும்."

"அப்ப கடையை இடிச்சிருவீங்களா?"

"ஐயய்யோ, அறிவிச்சது அறிவிச்சதுதான். கடை இருக்கும். சிலை மட்டும் போகும்."

"யாரு சொன்னது?"

"பின்வரிசை. முகத்தைக் கவனிக்கல."

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் சந்தையில் வளர்ந்தவன் கொதிக்கும்போதும் பேரத்தை விடமாட்டான்.

"பக்கத்துல ஒரு நாற்காலி போடுங்க."

"பார்வையாளர்கள் குழம்பிடுவாங்க."

"சிலையைக் குளிப்பாட்டுற நேரமாவது கொடுங்க."

அம்மையார் யோசித்தார். "வியாழக்கிழமை கழுவக் கொண்டு போவாங்க. ஒரு மணி நேரம் உக்காந்துக்கங்க."

"காயறதுக்கு நேரம் வேணாமா? அரை நாள் கொடுங்க."

"சரி, அரை நாள். ஆனா அசையக் கூடாது. வெளியூர்லேந்து வர்றவங்க ஏமாந்து போவாங்க."

"காபி?"

"முன்னால வெச்சுக்கலாம். குடிக்கக் கூடாது."

கை கொடுத்தேன். ஒரு மணி நேரத்தை அரை நாளாக்கிவிட்ட பெருமையில் மீசையை முறுக்கிக்கொண்டு படி இறங்கினேன். மீன்கடை வரை வந்த பிறகுதான் உறைத்தது. என் சிலைக்குக் கூலியில்லாத மாற்றாளாகப் போக நானே மல்லுக்கட்டிப் பேரம் பேசியிருக்கிறேன்!

வியாழக்கிழமை வந்தது. உட்கார்ந்தேன். எதிரே தெரு, கையில் பேனா. ஒரு வரி எழுத முடியாது. பரீட்சைக்குப் போகிற மாணவிகள் வரிசையாக வந்து என் மூக்கைத் தடவினார்கள். ஓர் அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "போன வாரம் இருந்ததுல இன்னும் உயிர் இருந்துச்சு" என்றாள். "நிதியைக் குறைச்சிருப்பாங்க" என்றார் அவள் புருஷன். என் புத்தகங்களைப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். ஒருவர்கூடச் சாவி கேட்கவில்லை.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். பின்பக்கமாக வந்து, என் தோளில் கையைப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு, கூட வந்தவரிடம் சொன்னீர்கள்: "இவரோட எல்லாப் புத்தகமும் நம்ம வீட்ல இருக்கு. படிக்கத்தான் நேரமில்ல." அதே குரல்! திரும்பியிருந்தால் முகத்தைப் பார்த்திருப்பேன். ஆனால் பேசிய பேரத்தை மீறி எனக்குப் பழக்கமில்லை.

மறுநாள் ஊர் முழுக்க விசாரித்தேன். படிக்காத புத்தகத்தை வைத்துக்கொண்டு எனக்காகத் துக்கப்பட்டது யார் என்றுதான் கேட்டேன். முடிவெட்டுபவர், வங்கி மேலாளர், இலக்கிய ஆசிரியை, பாதிரியார், கேட்ட அத்தனை பேர் முகமும் சிவந்தது. குரலை வைத்துப் பிடிக்கலாமென்றால், எல்லோரும் தலையை மட்டுமே ஆட்டினார்கள்.

ஆகவே ஊரறிய எழுதுகிறேன். பாஸ்குவால் இதை 'மறைவுக்குப் பின் கண்டெடுக்கப்பட்டது' என்ற தலைப்பில் மட்டுமே போடுவானாம். போடட்டும். நீங்கள், உங்களைத்தான் சொல்கிறேன், நான் மறுபடி சிலையாக உட்காருவதற்கு முன்னால், புதன்கிழமை காலையில் பாரம்பரியப் பிரிவுக்குப் போங்கள். வாய்விட்டுச் சொன்னதை வாய்விட்டே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நான் உயிரோடு இருப்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். என் புத்தகத்தில் ஏதாவது ஒன்றை வழியிலாவது புரட்டிக்கொண்டு போங்கள். துணைக்கு என்னைக் கூப்பிடாதீர்கள். நான் வந்து சொன்னால் அங்கே செல்லாது.