லென்ஸ் அண்ணாச்சியும் புளி போட்டுத் தேய்த்த ரூபாயும்

பெண் பார்க்கப் போகும்போது கூட்டிக்கொண்டு போகவே கூடாத மனிதர் இடுக்கி ஜில்லாவிலேயே ஒருவர்தான் இருந்தார். நான் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

சித்திரபுரத்தில் கறண்டாபீஸ் என்கிற மின்வாரியக் குவார்ட்டர்ஸில் எனக்கு அடுத்த வீடு. லென்ஸ் அண்ணாச்சி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பழங்காசு சேர்ப்பவர். மற்றவர்கள் பேனா வைக்கும் சட்டைப்பையில் அவருக்கு ஒரு பூதக்கண்ணாடி. டீக்கடையில் மீதி வாங்கினாலும் ஒவ்வொரு நாணயமாக வெளிச்சத்தில் பிடித்து, "இதுல விளிம்பு நசுங்கியிருக்கு, வேற குடுங்க" என்பார். பின்னால் வரிசை வளரும்.

"செலவு பண்ணத்தான அண்ணாச்சி?" என்பார் கடைக்காரர்.

"அதுக்காக? நசுங்கினதை நசுங்கினதுன்னு சொல்ல வேண்டாமா?"

எஸ்டேட்காரர்கள் பழைய பெட்டியில் கிடைத்த காசோடு லட்சக் கனவில் வருவார்கள். ராணி தலை ரூபாய் என்றால் முதலில் கன்னம், அப்புறம் கூந்தல், அப்புறம் கிரீடம் பார்ப்பார். மேடான இடம்தான் முதலில் தேயும். "கன்னம் போச்சு, முடி போச்சு. சந்தையில நல்லா அலைஞ்ச காசு இது" என்பார். வந்தவர் டீகூடக் குடிக்காமல் போய்விடுவார்.

எனக்கு அப்பா இல்லை. பெண் பார்க்கப் புறப்படும் நேரத்தில் சித்தப்பாவுக்குக் காய்ச்சல். பெரியவர் என்று ஒருவர் வேண்டுமே என்று அண்ணாச்சியை அழைத்தேன். கோவிந்தாபுரம் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் ஒரே பாடம்: "அங்க வாயைத் திறக்கப்படாது அண்ணாச்சி."

"நான் எதுக்கு தம்பி பேசப்போறேன்?"

பெண்ணின் அப்பா விவரமறிந்தவர். "ஏனுங்க, நீங்க காசு பாக்கறவராமா. எங்கூட்லயும் ஒண்ணு இருக்குதுங்க, பரம்பரைச் சொத்து" என்று வெற்றிலைத் தட்டில் ராணி தலை போட்ட ஒரு வெள்ளி ரூபாயைக் கொண்டுவந்தார். நேற்று அடித்ததுபோல் மின்னியது. அண்ணாச்சி வேட்டியில் கையைத் துடைத்து, காசை விளிம்பில் பிடித்து, லென்ஸை எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இதை யாரு தேச்சது?"

உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது. "நானுங்க. கருப்பா இருந்துச்சுங்க. நீங்க வர்றீங்கன்னு புளி போட்டுத் தேச்சு, சாம்பல்ல பளபளப்பாக்கினேனுங்க."

"அந்தக் கருப்பு அழுக்கு இல்லம்மா. வயசாக ஆக வெள்ளி தானா போத்திக்கிட்ட தோலு. கூந்தல் இழை இழையா நிக்கி, அருமையான காசா இருந்திருக்கும். இனி உருக்கத்தான் எடுப்பாவ."

பெண்ணின் அப்பா முகம், தேய்ப்பதற்கு முந்தைய காசைவிடக் கறுத்தது. பெண் வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, லென்ஸைக் கேட்டு வாங்கி, காசை வெகுநேரம் பார்த்தாள்.

"ஆமாங்கப்பா. மூஞ்சியெல்லாம் கீறலுங்க. நாந்தான் கெடுத்துப்போட்டேன்."

திரும்பும்போது பஸ் கொல்லங்கோடு தாண்டும்வரை அண்ணாச்சி லென்ஸை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே வந்தார். பிறகு, "நல்லாருக்குன்னு சொல்லியிருக்கலாமோ தம்பி?" என்றார். லென்ஸைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அவரே, "எப்படிச் சொல்ல?" என்றார்.

சம்மதம் என்றுதான் தகவல் வந்தது. ஒரே ஒரு நிபந்தனை: அந்த லென்ஸ்காரர் கல்யாணத்துக்கு வரக்கூடாது. அண்ணாச்சியிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது பெண்ணே போனில் கூப்பிட்டாள்.

"அவரு வரோணுமுங்க. அப்பாகிட்ட நான் சொல்லிட்டேன். மத்தவங்கெல்லாம் எதைப் பாத்தாலும் நல்லாருக்குதுன்னுதான் சொல்லுவாங்க. நெசத்தைச் சொல்ல ஒருத்தராச்சும் வேணுமுங்களே."

வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் சின்ன பிளாஸ்டிக் டப்பி. உள்ளே திருவிதாங்கூர் ராஜா காலத்துச் செப்புக்காசு; ஒரு சக்கரம் என்று அதற்குப் பெயர். யார் கையும் படாமல், அடித்த அன்றைய சிவப்பு மாறாமல் இருந்தது. அவரிடம் இருந்ததிலேயே சிறந்தது அதுதான். அதன் பக்கத்தில் மூச்சுவிடக்கூட என்னை விட்டதில்லை.

"திறக்காம வச்சுக்கிடுங்க. விரல் பட்டா செம்பு கறுத்து..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் அவள் டப்பியைத் திறந்துவிட்டாள். காசை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "எத்தனை செவப்புங்க" என்றாள்.

அண்ணாச்சி வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"நல்லாருக்கும்மா" என்றார்.

அவர் ஓய்வுபெற்றுத் தென்காசிப் பக்கம் போய்விட்டார். அந்தக் காசில் என் மனைவியின் கட்டைவிரல் ரேகை கறுத்து, லென்ஸ் இல்லாமலே தெரிகிறது. அதைத் துடைக்க எங்கள் வீட்டில் யாருக்கும் அனுமதி இல்லை.