அப்பா ஸ்தாபித்ததாகச் சொல்லப்படும் சபை

பண்டமாரான்,
செவ்வாய்க்கிழமை காலை.

கர்த்தருக்குள் மிகவும் மதிப்பிற்குரிய தியோடர் அண்ணனுக்கு, தம்பி எலியேசரின் ஸ்தோத்திரம். இங்கு நானும் ஜெசிந்தாவும் ஆண்டவர் கிருபையாலும் கிளினிக் மாத்திரையாலும் சுகம். சுபாங் ஜெயாவில் தாங்களும் அண்ணியும் அவ்வண்ணமே இருக்க ஜெபிக்கிறேன். தாங்கள் என்னை வாட்ஸாப்பில் பிளாக் செய்துவிட்டபடியால் தபால்தலை ஒட்டி எழுத வேண்டியதாயிற்று. கோபத்தில் எழுதவில்லை. முடிவெடுத்துவிட்டு எழுதுகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் போனில் நீங்கள் என்னைப் பாதிக்கு மேல் பேச விடவில்லை. நம் மெதடிஸ்ட் சபையின் எழுபதாம் ஆண்டு மலருக்கு ஆசிரியர் நீங்கள். ‘தம்பி, சபை வரலாறு ரெண்டு பக்கம். அப்பா ஆரம்பிச்சாருன்னு எழுதி ஒரு போட்டோ வச்சுக் குடு, போதும்’ என்றீர்கள். நான் துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் சரக்குச் சீட்டு சரிபார்த்தவன். பெட்டியைத் திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. ஆகவே ஆதாரம் தேடினேன். சபை அலமாரியின் சாவி தொலைந்து இருபது வருஷமாம். போதகர் தனேஷ் அரைமணி நேரம் பூட்டோடு மல்லுக்கட்டி விரலை நசுக்கிக்கொண்ட பிறகுதான், அலமாரியின் பின்பக்கத்தைக் கரையான் தின்று அது திறந்தே கிடப்பதைப் பார்த்தோம். பதிவேட்டில் 1961க்கு முந்திய ஆத்துமாக்கள் அனைவரும் கரையான் வயிற்றில். ‘விட்டுடுங்க லா அங்கிள், உங்க அண்ணன் சொன்ன மாதிரியே எழுதிடுங்க’ என்றார் போதகர், விரலை ஊதிக்கொண்டே. நான் விடவில்லை.

அந்தக் காலத்தில் வளர்ந்த ஆளாக இருந்தவர்களில் மிச்சம் இருப்பது சீதாலெட்சுமி அம்மா ஒருவர்தான். எண்பத்தெட்டு வயது, பிரிக்பீல்ட்ஸில் மகளோடு இருக்கிறார். ரயிலேறினேன். கே.எல். சென்ட்ரலில் இறங்க வேண்டியவன் குளிர்சாதனக் காற்றில் தூங்கிப்போய் ரவாங்கில் விழித்து, திரும்ப ஏறி, இந்த முறை உட்காரக் கூடாது என்று நின்றுகொண்டே வந்து, இடுப்பு பிடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி அவர் வாசலில் போய் நின்றேன். ‘ஞானசிகாமணி மவனா? நீயும் கோணலாத்தான் நிக்கிற, வா’ என்றார். நான் பேனாவைத் திறந்து, அப்பா எப்படிச் சபையை ஆரம்பித்தார் என்று கேட்டேன்.

‘உங்கப்பாவா? அவரு எங்க லா ஆரம்பிச்சாரு? மூட வந்தவரு!’

அண்ணே, நான் அங்கேயே நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். ஆரம்பித்தவர்கள் மூன்று பெண்கள். சீதாலெட்சுமி அம்மாவின் தாயார் மரகதம், பக்கத்து வரிசை லேயா, பொன்னுத்தாய். மூவரின் புருஷன்மாரும் கப்பலில் மூட்டை தூக்கியவர்கள். மரகதம் அம்மா வீட்டு முற்றத்தில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்டு, ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பாட ஆரம்பித்தார்கள். ஒட்டிய வீடு நம்முடையது. அப்பா ராத்திரி ஷிப்ட் முடித்து அப்போதுதான் படுப்பார். நாலு வாரம் வேலியில் நின்று கத்தியிருக்கிறார். ஐந்தாவது வாரத்துக்குள் நகர மன்றத்துக்கு ஒரு மனு எழுதி, கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி உடன் வேலை செய்தவரிடம் கொடுத்திருக்கிறார். அந்த ஆள் பொன்னுத்தாயின் புருஷன்! மனு போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் மரகதம் அம்மா கைக்குப் போயிற்று. இன்றுவரை சீதாலெட்சுமி அம்மாவிடம் இருக்கிறது. நான் என் கண்ணால் படித்து, நகலும் எழுதிக்கொண்டேன்: ‘மேற்படி பெண்கள் பாட ஆரம்பித்த நாள்முதல் ஞாயிற்றுக்கிளமைகளில் என் கோளிகள் முட்டையிடுவதில்லை.’ கிழமையையும் கோழியையும் இப்படி எழுத நம் அப்பா ஒருவரால்தான் முடியும்.

ஐந்தாம் ஞாயிறு புயல் காற்று. அதை அந்த அம்மா சொன்னபடியே எழுதுகிறேன்: ‘நடுக்கம்பு சாஞ்சிருச்சு. உள்ள பதினோரு பேரு, அதுல நாலு சின்னப் புள்ளைங்க. உங்கப்பா இடுப்புல கட்டுன சாரோங்கோட வேலியத் தாண்டி வந்து தோளக் குடுத்தாரு. எங்கம்மா புள்ளைங்க பயந்துடும்னு பாட்ட நிறுத்தல. அவரும் கம்ப விடல. சீக்கிரம் முடிச்சித் தொலைங்க, தோளு வலிக்குதுன்னு திட்டிக்கிட்டே முக்கா மணி நேரம் நின்னாரு. அடுத்த வாரம் ஆணியும் சுத்தியலுமா வந்தாரு. பொறவு போகவே இல்ல.’

திரும்பும் ரயிலில் எனக்குத் தூக்கம் வரவில்லை. டை கட்டிக் கோவில் முன்வரிசையில் உட்கார்ந்த அப்பாவைப் பார்த்தால் எனக்குக் கடைசிவரை பயம்தான். சாரோங்கில் நனைந்தபடி திட்டிக்கொண்டு நின்ற அந்த மனுஷனிடம் ஒரு நாளாவது உட்கார்ந்து பேசியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அப்படி ஒரு அப்பா கிடைத்த சந்தோஷத்தில்தான் உங்களுக்குப் போன் செய்தேன். மனுவைப் படித்துக் காட்டியதும் நீங்கள், ‘எலி, கோழி முட்டை போட்டுச்சுடா’ என்றீர்கள். ‘எல்லாரும் பாட்டுக்குச் சண்ட போட்டுக்கிட்டு இருக்கப்ப நான்தான் எடுத்துப் பச்சையாக் குடிச்சேன். எட்டு வயசு. அப்பா கேட்டாரு, பாட்டுச் சத்தத்துல கோழி போடலன்னு சொல்லிட்டேன்.’ எழுபது வருஷத்து ரகசியம்! நான் சிரித்தது தவறுதான். அதற்காக, ‘இத எழுதினா நீ எனக்குத் தம்பியே இல்ல’ என்று போனை வைத்து, மூன்று பெண்களின் பெயரையும் நான் நிறுத்தி நிதானமாகச் சொல்லி அனுப்பிய ஒன்பது நிமிஷ வாய்ஸ் மெசேஜுக்குப் பிறகு பிளாக்கும் செய்ய வேண்டுமா?

ஆகவே என் முடிவைக் கேளுங்கள். முட்டையை எழுதமாட்டேன். அது உங்களுக்கும் கோழிகளுக்கும் இடையிலுள்ள விஷயம். ஆனால் மரகதம், லேயா, பொன்னுத்தாய் என்ற பெயர்கள் வரலாற்றின் முதல் வரியில் வரும். கிள்ளானில் கமலநாதன் கடையில் நீங்கள் வெட்டக் கொடுத்திருக்கும் பளிங்குக் கல்லில் ‘ஸ்தாபகர் ஞானசிகாமணி’ என்று இருந்து, அதைப் பேராயர் ஞாயிற்றுக்கிழமை திறந்தால், நான் எழுந்து நின்று உண்மையைச் சொல்வேன். ஒத்திகை பார்த்தாகிவிட்டது, பதினொரு நிமிஷம் வருகிறது. மைக்கைப் பிடுங்கினாலும் என் குரல் கடைசி வரிசை வரை கேட்கும். மலரில் போடாவிட்டால் நகலெடுத்து வாசலில் நின்று கொடுப்பேன். எழுபது வருஷமாக அந்த மூன்று பேரின் பெயரில் நம் கோவிலில் ஒரு பெஞ்சு கூட இல்லை, அண்ணே. அப்பாவுக்கே இது பொறுக்காது.

அண்ணியின் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கர்த்தர் தங்களுக்கு நீடிய ஆயுசையும் கொஞ்சம் நீடிய பொறுமையையும் தருவாராக.

கீழ்ப்படியாத, அன்பில் குறையாத தம்பி,
எலியேசர்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கமலநாதன் போன் செய்தார். ‘அங்கிள், உங்கண்ணன் நேத்தே வந்துட்டாரு. போன்ல உங்க குரலப் போட்டுப் போட்டுக் கேட்டு, மூணு அம்மா பேரயும் எழுதிக் குடுத்தாரு. பழைய கல்லு வேணாம், இவங்க பேரு மேல வரட்டும்னாரு. கீழ உங்கப்பா பேரு. அதுக்குப் பக்கத்துல என்ன போடணும்னு தம்பியக் கேளுங்க, அவன்தான் வரலாறு எழுதுறவன்னாரு’ என்றார். ஆகவே மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம், படித்திருந்தால் மறந்துவிடுங்கள். இவ்வளவு பக்கம் எழுதியவனுக்கு அந்த ஒரு வார்த்தை வர ஒரு மணி நேரம் ஆயிற்று. ‘சபை அங்கத்தினர்’ என்று வெட்டச் சொல்லியிருக்கிறேன். பிடிக்கவில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை என்னைத் திட்டுங்கள். உங்கள் பக்கத்தில்தான் உட்காரப் போகிறேன்.