மலையூர் மாலுமியின் பூட்டப்பிள்ளை

ரொறன்ரோவில் வாழ்ந்த இத்தாலியர் அனைவரிலும் மிகக் கறுத்தவரும், பனங்கிழங்கு மாவில் மிக ருசியாக ஒடியற்கூழ் காய்ச்சியவரும், இத்தாலிய மொழியில் ஒரு வணக்கம் சொல்லவும் அறியாதவரும் ஒருவரே. பார்க்டேலில் எங்கள் மாடிக் குடியிருப்பில் அவருடைய ஞானஸ்நானப் பெயரை யாரும் அறியார். லிஃப்ற்றில் கூட்டமாக இருந்தால், "இத்தாலி வாறார், கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கோ" என்பார்கள். அவரும் நாடொன்றுக்குரிய மிடுக்குடன் உள்ளே நுழைவார்.

அவர் மன்னார்க் கரையோரத்துக் கத்தோலிக்கர். இத்தாலிய பேக்கரி ஒன்றில் மாவு பிசைவது தொழில். அவருடைய பூட்டன் யுவானி என்ற மாலுமி என்றும், புயலில் உடைந்த கப்பலின் பலகை ஒன்றைத் தழுவிக் கரை ஒதுங்கினார் என்றும், ஊர்ப் பெண்ணொருத்தி வார்த்த கஞ்சியின் ருசியில் தம் நாட்டையே மறந்தார் என்றும் அவர் சொல்லுவார். ஆதாரம் கேட்டால் முகத்தைப் பக்கவாட்டில் திருப்புவார்.

"மூக்கைப் பாருங்கோ அண்ணை. உது எங்கட நாட்டு மூக்கோ?"

நான் பார்த்தேன். குறை சொல்ல இடமில்லாத மூக்கு. ஆனால் என் மனைவிக்கு எந்த மூக்கையும் எளிதில் ஒப்புக்கொள்ளும் வழக்கமில்லை.

"உந்த மூக்கு எங்கட பெரியம்மாவின்ரை மருமகனுக்கும் இருக்கு. அவர் யாழ்ப்பாணத்துக் கரவெட்டி" என்றாள்.

"அக்கா, கரவெட்டிக்கும் கப்பல் போயிருக்கலாம்" என்றார் இத்தாலி.

இத்தாலி நாடு உலகக்கிண்ணம் வென்ற அன்று அவர் பல்கனியில் கொடியைக் கட்டிவிட்டு, இத்தாலியர் தெருவுக்குப் போனார். அங்கே திரண்டிருந்தவர்கள், காரணம் எதுவும் கேளாமல், அவரைத் தோளில் தூக்கித் தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகச் சுமந்தார்களாம். ஒற்றைக்கால் சப்பாத்துடன் திரும்பி வந்தார்.

"மற்றது எங்கை?" என்றாள் என் மனைவி.

"தாய்நாட்டுக்குக் குடுத்திட்டன் அக்கா."

இப்படியே அவருடைய நாட்கள் கழிந்திருக்கும். எங்கள் சிரிப்பும் குறைந்திராது. ஆனால் ஊரில் போர் முடிவை நெருங்கிய அந்தப் பனிக்காலத்தில் அவர் சிரிப்பதை நிறுத்தினார். ஒரு பிற்பகல், தோளெல்லாம் பனி பூத்திருக்க, எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணை, ஒருக்கா என்னோடை வரவேணும். நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. திருநீற்றோடை பக்கத்திலை இருந்தாச் சரி."

"எதுக்கு?"

"பார்க்கிறவைக்கு ஒரு நம்பிக்கை வரும்."

நாள்தோறும் தேவாரம் பாடும் சைவன் நான்; நெற்றியில் திருநீறு எப்போதும் உண்டு. போனேன். ஸ்ரீற்கார் எனும் தெரு ரயிலின் கண்ணாடிக்கு வெளியே பனி, அவசரமில்லாமல், யாரோ மலர் தூவி அருச்சிப்பது போல் விழுந்துகொண்டிருந்தது.

நாங்கள் சென்றது இத்தாலிய முதியோர் கூடும் ஒரு கோப்பிக் கடை. வம்சம் தேடுவதில் கெட்டிக்காரர் என்று இத்தாலிக்குப் பேக்கரியில் சொல்லியிருந்த சல்வத்தோரே என்பவர் அங்கே இருந்தார். வாழ்நாளெல்லாம் சுவருக்குச் சாந்து பூசி ஓய்ந்தவர். அகன்ற கைகள். என் நெற்றியைக் கண்டதும், கடிக்கவிருந்த இறைச்சி வைத்த பாண் துண்டைத் தட்டில் வைத்துவிட்டுத் திடுக்கிட்டவராகக் கேட்டார்.

"இண்டைக்குச் சாம்பல் புதனோ?"

சாம்பல் புதனன்று அவர்கள் இறைச்சி உண்பதில்லை. நெற்றியில் சாம்பல் பூசுவார்கள். எங்களுக்கு எல்லா நாளும் அப்படித்தான் என்று நான் விளக்கினேன். அன்றிலிருந்து அவருக்கு நான் 'மொன்சிஞ்ஞோர்'. மூத்த குருமாருக்கு உரிய மரியாதைப் பெயராம் அது. அவர் பேசியது ஆங்கிலம். ஆயினும் என் நினைவில் அது எங்கள் பேச்சாகவே படிந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

சல்வத்தோரே தம் வம்ச விருட்சத்தை ஒரு நீண்ட தாளில் வரைந்து சுருட்டி வைத்திருந்தார். அதை மேசையில் விரித்து, மூலைக்கொரு கோப்பிக் குவளை வைத்தார். அந்த மரத்தில் ஒரே சட்டம்: ஆதாரமில்லாத எவருக்கும் இடமில்லை. அவருடைய சொந்தச் சித்தப்பாவின் ஞானஸ்நானப் பதிவை எலி அரித்துவிட்டதால் சித்தப்பா அதில் இல்லை. சித்தப்பா அடுத்த மேசையில் சீட்டாடிக்கொண்டிருந்தார்.

"நான் செத்தாப் பிறகாவது போடுவியோ?" என்று அங்கிருந்து கேட்டார் சித்தப்பா.

"மரணப் பதிவு சரியா இருந்தாப் பார்ப்பம்" என்றார் சல்வத்தோரே.

பிறகு எங்களுக்குத் தம் வித்தையை விளக்கினார். தன்னிலிருந்து தொடங்க வேண்டும். முன்னோரிடமிருந்து தொடங்கக் கூடாது. ஊர் நகரசபையில் பிறப்பு, விவாகம், மரணம் மூன்றும் இருக்கும். ஒருவருடைய விவாகப் பதிவு அவருடைய தாய் தந்தையைக் காட்டும். அவர்களைத் தேடினால் அவர்களுக்கு முந்தியவர் தெரிவார். நகரசபைப் பதிவுகள் தொடங்காத காலத்துக்கு மாதா கோயிலுக்குப் போக வேண்டும். அங்கே ஞானஸ்நானப் புத்தகம் இருக்கும். அதோடு, உயிர்த்த ஞாயிறு தோறும் பங்குச் சுவாமி வீடு வீடாகச் சென்று, ஒவ்வொரு கூரையின் கீழும் வாழும் ஆன்மாக்களை எழுதி வைத்த புத்தகமும் இருக்கும்.

ஆட்களை எண்ணாமல் ஆன்மாக்களை எழுதியிருக்கிறார்கள். எனக்கு மெய் சிலிர்த்தது. சல்வத்தோரே தம் மரத்திலுள்ள பெயர்களை வாசித்த விதமும், மூச்சு விடும் இடம் அறிந்து, பெயருக்குப் பெயர் சற்றே நின்று, ஓதுவார் பதிகம் பாடுவதை ஒத்திருந்தது. ஒரு கணம் இருப்பது கோயில் மண்டபமோ கோப்பிக் கடையோ என்பதையே மறந்தேன்.

"உன்ரை யுவானிக்கு எந்த ஊர்?" என்று அவர் இத்தாலியைக் கேட்டார்.

"கடற்கரை ஊர்."

"இத்தாலியைச் சுத்திக் கடல்தான் தம்பி. குடும்பப் பேர்?"

"யுவானிதான்."

"எங்கட ஊரிலை கல்லெறிஞ்சா ஒரு யுவானியிலை படும். சரி, உன்ரை அப்பப்பான்ரை ஞானஸ்நானப் பதிவிலையிருந்து தொடங்குவம். அது எங்கை?"

இத்தாலி கோப்பியைப் பார்த்தபடி சொன்னார். "எங்கட கோயில் புத்தகம் இப்ப கோயிலிலை இல்லை. சண்டை வர, சனம் எழும்பிப் போட்டுது. சுவாமி புத்தகங்களைச் சாக்கிலை கட்டி எடுத்துக்கொண்டு சனத்தோடை போனவர். ஒவ்வொரு ஊரா இடம்பெயர்ந்து, இப்ப சண்டை நடக்கிற வன்னிக்குள்ளை."

"வன்னிக்குள்ளை எங்கை?"

"என்ரை தங்கச்சி நிக்கிற இடத்திலைதான். கடலுக்கும் நீரேரிக்கும் நடுவிலை ஒரு துண்டு மணல். அவளும் மூண்டு பிள்ளையளும். புருசன் போன மாரிகாலத்திலை செத்துப்போனான்."

தங்கை வன்னியில் இருப்பதை அவர் அன்றுவரை எங்களுக்குச் சொன்னதில்லை. சித்தப்பாவின் மேசையில் சீட்டு விழும் ஓசை நின்றது.

"இத்தாலி ரத்தம் எத்தினை தலைமுறை போனாலும் இத்தாலியன்தானாம், பேக்கரியிலை சொன்னவை" என்றார் அவர். "அப்ப தங்கச்சியும் இத்தாலிக்காரிதானே. பிள்ளையளும்தானே. சொந்தச் சனத்தை எடுக்க ஒரு கப்பல் அனுப்பமாட்டினமோ? ஒரு வெள்ளைக் கப்பல். கரைக்கு வரத் தேவையில்லை. கொஞ்சம் தள்ளி நிண்டாலும் போதும். அவள் நீந்துவாள்."

சல்வத்தோரே இறைச்சிப் பாணை அதன் பிறகு தொடவேயில்லை.

அந்த நாளிலிருந்து எங்கள் குடியிருப்பில் ஒருவகை மயக்கம் பரவியது என்றே சொல்ல வேண்டும். கரவெட்டி மூக்கைப் பற்றிப் பேசிய என் மனைவி, நாள்தோறும், "கடிதம் வந்ததோ?" என்று விசாரிக்கத் தொடங்கினாள். சல்வத்தோரே இத்தாலியின் கடற்கரை நகரசபைகளுக்கெல்லாம் தொலைபேசி எடுத்தார். கடலில் தொலைந்த யுவானிகள் ஏராளமாக அகப்பட்டார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் மனைவி இருந்தாள். இறந்தார் என்று எழுதிப் பூசை வைத்த உறவு இருந்தது. சொந்தம் கொண்டாட ஆளில்லாத யுவானி ஒருவன்கூட இல்லை.

கண்ணை மூடினால் எனக்கும் அந்தக் கப்பல் தெரிந்தது. இறைவன் திருமுன் இருந்து பாடும்போதும், பண் பாதியில் நழுவி, நீலக் கடலில் வெள்ளையாய் ஒன்று அசைவற்று நிற்கும்.

பனி கரையத் தொடங்கிய ஒரு மாலை, சல்வத்தோரே தாமே எங்கள் வீட்டுக்கு வந்தார். தரையில் மரத்தை விரித்தார். என் மனைவி வடைத் தட்டையும் செம்பையும் மூலைகளில் வைத்தாள். இத்தாலி முழங்காலிட்டுக் குனிந்தார்.

"இஞ்சை பார்" என்று சல்வத்தோரே ஒரு பெயரைத் தொட்டார். "என்ரை பூட்டன்ரை தமையன். யுவானி. ஞானஸ்நானம் இருக்கு. வாலிபனாகும் மட்டும் வருசா வருசம் ஆன்மாக்களின்ரை புத்தகத்திலை பேர் இருக்கு. அதுக்குப் பிறகு இல்லை. விவாகமும் இல்லை, சாவும் இல்லை. புத்தகத்தை விட்டு எழும்பிப் போயிட்டான். இவன்தான் உன்ரை ஆள்."

என் மனைவி மெல்லக் கேட்டாள். "உங்கட ஊர் மலையெல்லே?"

"ஓம்."

"மலையிலை மாலுமி எப்பிடி?"

"நடந்து இறங்கினவன்."

அவர் பேனையை எடுத்தார். யுவானியிலிருந்து ஒரு கோடு கீழே வந்தது, தாள் முடிந்துவிட்டது. மனைவி நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து ஒட்டிக் கொடுத்தாள். மன்னார் என்று எழுதினார். அப்பப்பா, தகப்பன் எல்லாரையும் இத்தாலி சொல்லச் சொல்ல எழுதினார். இத்தாலியின் பக்கத்தில் தங்கையையும், கீழே பிள்ளைகளையும் எழுதினார்.

"ஆதாரம் இல்லாமலோ?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"மொன்சிஞ்ஞோர், நீங்கள் உங்கட செபத்தைச் சொல்லுங்கோ" என்றார் அவர், நிமிர்ந்து பாராமலே.

அந்தத் தாளுடன் மூவரும் இத்தாலிய அரசின் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். கண்ணாடிக்கு அப்பால் இருந்த இளம்பெண் மரத்தை வேரிலிருந்து நுனிவரை பொறுமையாகப் பார்த்தாள். மேலே உள்ளவர்களுக்குச் சான்று மிகச் சிறப்பு என்றாள். ஒட்டிய தாளில் உள்ளவர்களுக்கு எங்கே என்று கேட்டாள்.

"சண்டைக்குள்ளை நிக்குது பிள்ளை" என்றார் சல்வத்தோரே.

சான்றில்லாமல் ஒன்றும் செய்ய இயலாதென்று அவள் சட்டத்தைச் சொன்னாள், குரல் தாழ்ந்திருந்தது. அதில் அவள் குற்றம் ஏதுமில்லை. வெளியே வந்து ஏரிக்கரையில் நின்றோம். மூடுபனிக்குள் ஒரு பெரிய பனிக்கட்டி வெள்ளையாய் மிதந்து சென்றது. அது மறையும்வரை இத்தாலி கண்ணெடுக்கவில்லை. நாங்களும் வாங்கோ என்று அழைக்கவில்லை.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. நகரத் தெருக்களில் எங்கள் சனம் நின்று அழுதது. இத்தாலி வேலைக்குப் போகவில்லை. மணி அடித்தால் உரத்துக் கேட்க வேண்டுமென்று, தம் தொலைபேசியைக் கூழ்ப்பானைக்குள் வைத்துக் கதவைத் திறந்தபடி அமர்ந்திருந்தார். அந்தப் பானையைக் கடக்கும்போது மாடி முழுவதும் அடியோசை தணித்து நடந்தது.

ஒரு காலை, பானை அதிர்ந்தது. எல்லா வீட்டுக் கதவுகளும் ஒருங்கே திறந்தன. பதற்றத்தில் தொலைபேசியை வெளியே எடுக்கத் தோன்றாமல், அவர் பானைக்குள் குனிந்தே பேசினார். போரில் தப்பியவர்களை முள்வேலிக்குள் அடைத்த முகாமிலிருந்து, யாரிடமோ இரவல் வாங்கிய தொலைபேசியில், தங்கை.

"அண்ணை, நான்தான். பிள்ளையள் மூண்டும் என்னோடை நிக்குதுகள்."

கேட்க வேண்டியது எதையும் அவரால் கேட்க முடியவில்லை. கடைசியில், "சுவாமியின்ரை புத்தகச் சாக்கு?" என்றார்.

"அது மணலுக்கை புதைஞ்சு போட்டுது. ஏன்?"

"ஒண்டுமில்லை. நாங்கள் இத்தாலியர் எண்டு காட்டத்தான்."

"நீ இன்னும் திருந்தேல்லையோ அண்ணை" என்ற குரல், அழுகையோ சிரிப்போ என்று பிரித்தறிய முடியாமல், உள்ளிருந்து எழுந்தது.

பேசி முடித்த இத்தாலி எங்களை நோக்கி நிமிர்ந்தார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"புத்தகம் போயிட்டுது. இனி நான் இத்தாலியன் இல்லையெண்டு உலகத்திலை ஒருத்தராலும் நிரூபிக்கேலாது."

அடுத்த ஞாயிறு, சல்வத்தோரே தம் கோயிலில் பூசை முடிந்ததும் எழுந்து நின்றாராம். மரத்தை விரித்து, "இது என்ரை பூட்டன்ரை தமையன் வழிப் பேத்தி. முள்வேலிக்குள்ளை நிக்கிறாள்" என்றாராம். சித்தப்பா எழுந்து, "நான் இல்லாத மரத்திலை அவள் இருக்கிறாளோ?" என்று சீறியிருக்கிறார். பிறகு, அவளைக் கனடாவுக்கு அழைக்கப் பொறுப்பேற்க யார் முன்வருகிறீர்கள் என்று சுவாமி கேட்டபோது, முதலில் கை உயர்த்தியவரும் அந்தச் சித்தப்பாவே.

எளிதில் நடக்கவில்லை. தங்கை முகாமிலிருந்து வெளியே வந்து, கடல் கடந்து, தமிழ்நாட்டில் ஓர் அகதி முகாமில் காத்திருந்தாள். அந்தக் கோயில் மக்கள் அரசுக்கு ஆண்டுக்கணக்காகச் சலிக்காமல் எழுதினார்கள், கேட்டார்கள், காத்திருந்தார்கள். வெள்ளைக் கப்பல் வரவில்லை. ஒரு மாலை விமானம் வந்தது.

விமான நிலையத்தில் தங்கை வெளியே வந்ததும், இத்தாலிக்கு முன்பாகச் சல்வத்தோரே பாய்ந்து சென்று அவளுடைய இரு கன்னங்களிலும் முத்தமிட்டார். பிள்ளைகள் மிரண்டன. அவள் சேலைத் தலைப்பால் கன்னத்தைத் துடைத்தபடி, "ஆர் அண்ணை இந்த மனிசன்?" என்று கேட்டாள்.

"சொந்தக்காரர்" என்றார் இத்தாலி. "எங்கட ஆள்தான்."

அவர் அதைச் சொன்ன விதத்தில் பொய்யின் சாயல் சிறிதும் இல்லை. பிறவித் தொடர்பை அறுத்தருள வேண்டுமென்று நாள்தோறும் இறைவனை இரந்து பாடுபவன் நான். ஆயினும் அன்று அந்த இருவரின் பின்னே பெட்டியைத் தள்ளிச் சென்றபோது, அவர்களுடைய அந்த வம்சத் தாளில் எனக்கும் ஒரு மூலை இருக்குமா என்று மனம் ஏங்கிற்று. நானும் அதைத் தடுக்கவில்லை.